நூற்றுக்கு எட்டு

ஜனவரி 6

அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று நீங்கள் நாலு தடவை போன் செய்தீர்கள், நான் எடுக்கவில்லை. "அவ உங்க கூடப் பேச மாட்டாளாம்" என்று அம்மா சொல்லியிருப்பாள். நிஜம்தான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. போனில் பேசினால், "சரி சரி, வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நேற்று பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு ஃபோட்டோ கொடுக்கப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் ஒரு கட்டிலிருந்து என் கல்லூரி விருப்பப் படிவத்தை உருவி, ஃபோட்டோ ஒட்டுவதற்காக மேஜைமேல் வைத்தார். முதல் விருப்பம்: பைபாஸ் ரோட்டுக் கல்லூரி. இரண்டாவது: ரயிலடிக் கல்லூரி. ஆற்றங்கரைக் கல்லூரி எங்குமே இல்லை. தலைகீழாகப் பார்க்கிறேனோ என்று சுற்றி வந்து பார்த்தேன். கீழே உங்கள் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் பக்கத்துக் கட்டம் வரைக்கும் போயிருந்தது.

ஆற்றங்கரைக் கல்லூரிக்காக நான் இரண்டு வருஷமாகப் படிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை முதல் விருப்பமாக எழுதியவர்களை மட்டும்தான் அவர்கள் நுழைவுத் தேர்வுக்கே கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும். நானே உங்களுக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறேன். பைபாஸ் ரோட்டுக் கல்லூரியோ, வழி கேட்க உள்ளே போனவனைக்கூடப் பிடித்து உட்கார வைத்துச் சேர்த்துக்கொள்ளும். தேர்வு எழுதித் தோற்றால் அது என் பாடு. எழுதவே விடாமல் செய்ய நீங்கள் யார் அப்பா?

எனக்கு ஒன்பது வயதில் ஒரு விடுமுறை நாளில் என்னை வேலைக்குக் கூட்டிப்போனீர்கள். ஒரு ஹோட்டல் லிஃப்ட். நான் டூல் பாக்ஸ்மேல் உட்கார்ந்திருந்தேன். பார்த்த வேலையையும் நேரத்தையும் குறிக்கிற லாக் புக்கை மேனேஜர் நீட்டி, "நேரமாச்சுப்பா, கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பு" என்றார். "நான் ஏறிப் பாக்காத லிஃப்டுக்கு என் பேரு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு, மேலும் கீழுமாக முழுசாக ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் போட்டீர்கள். அந்தக் கதையை வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்தவள் நான்.

யாருக்கோ ஓடுகிற லிஃப்டுக்கு அவ்வளவு அக்கறை. எனக்கு இவ்வளவுதானா?

உங்கள் மகள்

ஜனவரி 9

மேஸ்திரி அம்மாவுக்கு,

அஞ்சு வயதில் இடுப்பில் கை வைத்து நின்று, "அந்த ஸ்க்ரூவ இன்னும் முறுக்கு" என்று எனக்கு உத்தரவு போட்டவள் நீ. அன்றைக்கு வைத்த பெயர். இன்றைக்கும் மேஸ்திரித்தனம் குறையவில்லை என்று கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

இந்த வெளியூர் சைட்டில் பதினோராவது மாடியில், இன்னும் கதவு மாட்டாத லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். என்னோடு வேலை பார்க்கிற வெல்டர், "என்னண்ணே, மூஞ்சி இப்படிப் போச்சு?" என்று கேட்டான். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடா என்றேன். அவன் மேல் என்ன தப்பு?

நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? அன்றைக்கு நாலு மணிக்கு எனக்கு பஸ். வழிகாட்டி டீச்சர் அறை வாசலில் இருபது பேர் நின்றார்கள். காலிப் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். போட்டேன். எல்லா அப்பன்களும் போட்டார்கள். இருபது வருஷமாக இதே வேலையைப் பார்க்கிற படித்த அம்மா அவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் போய், "நீங்க என்ன எழுதப் போறீங்க?" என்று அவரைக் கேள்வி கேட்க முடியுமா?

அப்புறம் ஒன்று. பைபாஸ் ரோட்டுக் கல்லூரி என்ன அவ்வளவு மட்டமா? அங்கே படித்தவன்தான் இந்தக் கட்டடத்துக்கு சைட் இன்ஜினியர். நல்ல பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான். கையில் கிடைப்பதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்தாகிவிட்டது.

அப்பனைப் பார்த்து "நீங்கள் யார்" என்று கேட்டுவிட்டாய். அதைத்தான் நாலு தடவை படித்தேன்.

அப்பா

ஜனவரி 13

அப்பாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்புவார்கள் என்று தெரியாது.

காலிப் படிவமா? அதில் நான் பென்சிலால் எழுதியிருந்தேன் அப்பா. "பேனால அடிச்சுத் திருத்தினா படிவம் வீணாயிடும். பென்சில்ல எழுதிக் கொடுங்க, பெத்தவங்கள வெச்சு நான் இங்க்ல எழுதிக்கறேன்" என்று டீச்சர்தான் எங்கள் எல்லாரிடமும் சொன்னார். ஆற்றங்கரை என்று நான் அழுத்தி எழுதியிருந்தேன். இங்க் எழுத்துக்கு அடியில் அந்தத் தடம் இன்னும் பள்ளமாக இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

டீச்சர்தான் அழித்திருப்பார் என்று நினைத்து, கிளார்க்கிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம் அந்த மனுஷர், கோந்து பாட்டிலை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர்மேல ஏன்மா கோவப்படற? உங்கப்பா கால் மணி நேரம் அந்த பெஞ்சுல உக்காந்து படிச்சாரு. அப்புறம் எங்கிட்ட வந்து, ரப்பர் இருக்கான்னு கேட்டாரு."

ரப்பர்.

அலுவலகத்திலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்ததும், "சைக்கிள் எங்கடி?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கும் ஒன்றும் தெரியாதாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, நம் இரண்டு பேர் நடுவில் அவள் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

இதோடு மாற்றுப் படிவம் வைத்திருக்கிறேன். ஜனவரி 31 மாலை நாலு மணி வரைக்கும் விருப்பத்தை மாற்றலாம். முதல் படிவத்தில் யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள்தான் இதிலும் போட வேண்டும், அம்மா போட்டால் செல்லாது. நான் எழுத வேண்டியதைப் பேனாவால் எழுதிவிட்டேன். இதை ரப்பரால் அழிக்க முடியாது.

உங்கள் மகள்

ஜனவரி 16

மேஸ்திரிக்கு,

பொய் சொன்னேன். ஆமாம். ரப்பர் வாங்கி அழித்ததும் நான்தான்.

டீச்சர் ஒரு சீட்டைக் காட்டினார். உன் பெயர், கல்லூரிப் பெயர், அதற்கு எதிரே வாய்ப்பு: நூற்றுக்கு எட்டு. "ஒரு அப்பாவா நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் மிச்சம் தொண்ணூற்றிரண்டு. அந்தத் தொண்ணூற்றிரண்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அழித்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் தெரியாது. எனக்குப் படிப்பில் நாட்டமில்லை, அதனால்தான் ஸ்பேனரைப் பிடித்தேன் என்று எல்லாரிடமும் சொல்வேன் இல்லையா? அது ஜோடித்த கதை. பதினெட்டு வயதில் நானும் ஒரு பெரிய கல்லூரிக்கு எழுதிப் போட்டேன். பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முட்டி மோதி முன்னால் போய், மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை. மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்கும்போது பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, பேரு இல்லன்னா தள்ளுப்பா, நாங்களும் பாக்கணும்ல" என்றார். அவர் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தள்ளி நின்றேன். பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டேன். வீட்டுக்கு வந்து, "நான் போய்ப் பாக்கவே இல்ல, யாருக்கு வேணும் அது" என்றேன்.

இருபத்தாறு வருஷமாகிவிட்டது. இப்போதும் எங்கேயாவது கூட்டத்தில் யாராவது "தள்ளுப்பா" என்றால் கூட்டத்தை விட்டே வெளியே வந்துவிடுவேன். அந்த வார்த்தை உன் காதில் விழக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கோபப்படு, பரவாயில்லை. படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, அப்படியே திருப்பி அனுப்புகிறேன். எட்டு என்றால் எட்டுதான் கண்ணு.

அப்பா

ஜனவரி 20

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் இன்னும் கோபம் வந்தது. முதலில் உங்கள்மேல். பிறகு அந்த எட்டின்மேல். எட்டு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை? லிஃப்டில் ஒரு சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று ஷாஃப்டுக்குள் தலையை விட்டுப் பார்ப்பீர்களே!

நான் பார்த்தேன். எங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் சோடாபுட்டி. அவன் சீட்டைக் காட்டச் சொன்னேன். ஆற்றங்கரைக் கல்லூரி: எட்டு. கணக்குப் பாடம் தவிர எல்லாப் பாடத்திலும் தூங்குகிற கொட்டாவியிடம் கேட்டேன். அவளுக்கும் எட்டு. எனக்கும் எட்டு. மூன்று பேருக்கும் ஒரே எட்டு அப்பா! செருப்புக்கூட மூன்று பேருக்கும் வேறு வேறு சைஸ்.

மூன்று பேரும் சேர்ந்து டீச்சரிடம் போனோம். அவரை நாங்கள் சதவீத டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

"எப்படி டீச்சர் எல்லாருக்கும் ஒரே நம்பர்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். "பத்து வருஷத்துல நம்ம ஸ்கூல்லேந்து அங்க எழுதினவங்க பன்னெண்டு பேர். கிடைச்சது ஒருத்தனுக்கு. பன்னெண்டுல ஒண்ணு, நூத்துக்கு எட்டு. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"அப்ப இது எங்க வாய்ப்பு இல்லையே. அந்தப் பன்னெண்டு பேரோட கணக்கு."

"கணக்கு கணக்குதாம்மா."

"பத்து வருஷத்துல ஏன் பன்னெண்டே பேர் எழுதினாங்க?"

"மத்தவங்களுக்கு நான் எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னார். கொட்டாவி என்னைப் பார்த்தாள். அவள் கண் அவ்வளவு பெரியதாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"கிடைச்ச அந்த ஒருத்தன்?"

"அவனா? அவன் யார் பேச்சையும் கேக்க மாட்டான்" என்று நோட்டை மூடிவிட்டார்.

புரிகிறதா அப்பா? எட்டு என்று சொல்லி யாரையும் எழுத விடுவதில்லை. யாரும் எழுதாததால் எட்டு எட்டாகவே இருக்கிறது. இதெல்லாம் எதற்கு என்று பள்ளி கேட்டில் போய்ப் பாருங்கள். லாரி அகலத்துக்கு ஒரு போர்டு: "முதல் விருப்பம் நிறைவேறிய மாணவர்கள் 96 சதவீதம்." ஏன் நிறைவேறாது? விருப்பத்தையே ரப்பரால் அழித்துவிட்டு, கிடைப்பதை விருப்பம் என்று எழுத வைத்தால் நூற்றுக்கு நூறுகூட நிறைவேறும். அந்த போர்டு அழகாக இருப்பதற்காக நான் பைபாஸ் ரோட்டுக்குப் போக வேண்டுமா?

"தள்ளுப்பா" என்று உங்களிடம் சொன்னவர் யாரோ ஒரு முகம் தெரியாத ஆள். அதுவும் நீங்கள் எழுதிப் போட்டு, பட்டியலைப் பார்த்த பிறகு சொன்னார். என்னிடம் அதைச் சொன்னது நீங்கள். நான் இன்னும் பட்டியல் பக்கமே போகவில்லை.

மாற்றுப் படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்

ஜனவரி 23

மேஸ்திரிக்கு,

உன் கடைசி பாராவை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இறுக்க வேண்டிய போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். வெல்டர் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, "மொதல்ல என்னன்னு சொல்லுண்ணே, இல்லன்னா ரெண்டு பேரும் கீழ போவோம்" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் பள்ளிக்கூடமே தாண்டாதவன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பன்னெண்டு பில்டிங் லிஃப்டுல வந்த பழுத, பதிமூணாவது பில்டிங் லாக் புக்குல யாராச்சும் எழுதுவாங்களாண்ணே?"

இருபத்தாறு வருஷமாக லாக் புக் எழுதுகிறேன். இது எனக்குத் தோன்றவில்லையே! அந்தச் சீட்டில் உன் பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அது உன் எண் என்று நம்பிவிட்டேன். என் தலையில் என் கையாலேயே குட்டிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஓவர்லோடு மணி ஒன்று உண்டு. ஆள் கூடிப்போனால் அடிக்கும், கதவு மூடாது, கடைசியில் ஏறியவர் இறங்கிக்கொள்வார். அதில் ஒரு அவமானமும் இல்லை, தினம் நூறு பேர் இறங்குகிறார்கள். ஆனால் அந்த மணி ஆள் ஏறிய பிறகுதான் அடிக்கும். வாசலில் ஒருத்தியை நிறுத்தி, வருகிறவர் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏறினா மணி அடிக்கும், படியில போங்க" என்று சொல்ல வைத்த லிஃப்டை நான் எங்கும் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி நின்றால் அவள் கையைப் பிடித்து வெளியே விட்டிருப்பேன். ஆனால் உன் விஷயத்தில் நானே போய் அந்த வாசலில் நின்றேன். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. என்மேலும்தான், அந்த நீள நோட்டின்மேலும்தான்.

என்னைப் போல எத்தனை அப்பன்களிடம் அந்த ரப்பரைக் கொடுத்திருப்பார்கள்!

படிவத்தை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். எழுது. மணி அடித்தால் அடிக்கட்டும்.

அப்பா

ஜனவரி 27

அப்பாவுக்கு,

உங்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டீர்கள், சரி. படிவத்தின் ஓரத்தில் அது என்ன? "முந்தைய கையெழுத்தில் பழுது கண்டறியப்பட்டது. சரிசெய்யப்பட்டது. காலை 10.40." அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து! அது லாக் புக் இல்லை அப்பா, விருப்பப் படிவம்!

கிளார்க் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "கட்டத்துக்கு வெளிய எழுதினா படிவம் செல்லாது. ரூல்னா ரூல்" என்று குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள், "இந்த மனுஷன் கல்யாணப் பதிவு நோட்டுலயும் டைம் எழுதினவர்டி" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், எனக்கு அழுகையும் வந்தது.

இனி தபாலில் அனுப்பி வாங்க நேரமில்லை. 31ஆம் தேதி நாலு மணிக்குள் நீங்கள் நேரில் வர வேண்டும். இதைக் கூரியரில் போடுகிறேன், 29ஆம் தேதி கையில் கிடைக்கும் என்றார்கள். போனில் சொல்கிறேன் என்று அம்மா நின்றாள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். நம் சண்டை கடிதத்தில்தான் நடக்கிறது, அது கடிதத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. எட்டு எப்படி வந்தது என்று வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். சோடாபுட்டி, கொட்டாவி, இன்னும் நாலு பேர் மாற்றுப் படிவம் வாங்கியிருக்கிறார்கள். என்னோடு ஏழு. மற்ற ஆறு பேருடைய படிவமும் கொடுத்தாகிவிட்டது. என்னுடையதுதான் பாக்கி.

வருவீர்களா?

உங்கள் மகள்

பிப்ரவரி 3

மேஸ்திரிக்கு,

சைட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். லீவு இல்லாமல் போனதற்கு சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் நீ வராந்தாவில் நின்றாய், உள்ளே பேசியது உன் காதில் விழுந்திருக்காது. டீச்சர் என்னைப் பார்த்ததும், "நீங்கதான் பழுதுபாக்கறவரா?" என்றார். ஆமாம்மா என்றேன். "நாளைக்குப் பொண்ணு ஏமாந்து அழுதா நாங்க பொறுப்பில்ல" என்றார்.

"அழுதா நாங்க பாத்துக்கறோம்மா. அழுவாளோன்னு பயந்து நீங்களும் நானும் அழிச்சோமே, அதுக்குத்தான் யார் பொறுப்புன்னு தெரியல" என்றேன்.

"எல்லாருக்கும் அந்த போர்டுதான் வேணும். நம்பர் எறங்கினா மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. ஆனால் பரிதாபப்பட்டு உன் படிவத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

நீ என்னோடு நேரில் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை. "கட்டத்துக்குள்ள எழுதுங்க." கிட்டத்தட்ட ஒரு மாசத்துக்குப் பிறகு உன் குரல். மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். நேரத்தைப் படிவத்தில் எழுதவில்லை, கவனித்தாயா?

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். ஒன்றும் பேசவில்லை. ஆனால் வந்தாய்.

நன்றாகப் படி. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பா

ஜூன் 18

அப்பாவுக்கு,

போனில் அம்மா சொல்லிவிட்டாள், தெரியும். இரண்டு நாளாக நீங்களும் நானும் போனில் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் எனக்குக் கிடைக்கவில்லை.

பட்டியலை இப்போதெல்லாம் சுவரில் ஒட்டுவதில்லை, போனிலேயே வருகிறது. நானும் விரலால் மூன்று தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது தடவை உங்களை நினைத்துக்கொண்டேன். பின்னால் அம்மாதான் நின்றாள். அவள் தள்ளு என்று சொல்லவில்லை. "இன்னொரு தடவ பாரு, நான் நிக்கறேன்" என்றாள்.

வலிக்கிறது அப்பா. வலிக்காது என்று நான் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீங்கள் எதை நினைத்துப் பயந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் நீங்கள் அழித்தது தப்புதான். இந்த வலி என்னுடையது, நான் எழுதி வாங்கியது. அந்த ரப்பர் வலி அப்படி இல்லை.

ஏழு பேரில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. சோடாபுட்டிக்கும் கொட்டாவிக்கும். கொட்டாவி! தேர்வு ஹாலில் கடைசிப் பத்து நிமிடம் தூங்கினாளாம். நேற்று பள்ளி கேட்டில் இரண்டு பேருடைய ஃபோட்டோவையும் ஆள் உயரத்துக்குப் போட்டு, "எங்கள் சீரிய வழிகாட்டுதலின் வெற்றி" என்று புது போர்டு. என்ன தைரியம்! கொட்டாவி அதைப் பார்த்துவிட்டு, கழற்றிப் போட ஏணி கேட்டாள், வாட்ச்மேன் கொடுக்கவில்லை.

நான் நேராக சதவீத டீச்சர் அறைக்குப் போனேன்.

"டீச்சர், அந்த நோட்டக் கொஞ்சம் எடுங்க."

"எதுக்கும்மா? உனக்குத்தான் கிடைக்கலையே" என்றார்.

"எனக்கு இல்ல. அடுத்த வருஷத்துக்கு. பன்னெண்டோட ஏழு, பத்தொம்போது பேர். ஒண்ணோட ரெண்டு, மூணு பேர். இப்ப நூத்துக்கு எவ்வளவு?"

அவர் நோட்டை எடுக்கவில்லை. நான் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது, அடுத்த வகுப்பு முடிந்து மறுபடியும் மணி அடித்தது. கடைசியில் எடுத்தார். எட்டை அடித்தார். "பதினஞ்சே முக்கால்" என்றார்.

"முழுசா எழுதுங்க டீச்சர். நீங்கதானே கணக்கு கணக்குதான்னீங்க. எட்டே கால் சொச்சத்துக்குக் கிட்ட இருக்கற முழு நம்பர்னு எட்டு எழுதினீங்க. பதினஞ்சே முக்காலுக்குக் கிட்ட இருக்கறது பதினாறுதானே?"

பதினாறு என்று எழுதினார். பென்சிலில் எழுதப் போனார், நான் பேனாவை நீட்டினேன்.

அடுத்த வருஷம் அந்தச் சீட்டு வாங்குகிறவளுக்கு எட்டு இல்லை, பதினாறு. அதுவும் அவளுடைய எண் இல்லைதான், ஆனால் அதைப் பார்த்து அவள் அப்பா ரப்பர் கேட்க மாட்டார். கிடைத்த அந்த மூன்று பேரில் நான் இல்லை அப்பா. எழுதிய பத்தொன்பது பேரில் இருக்கிறேன்.

ரயிலடிக் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. என் இரண்டாவது விருப்பம், நானே எழுதியது. சேர்க்கைப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதில் பெற்றோரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். அம்மா பேனாவோடு பக்கத்திலேயே நிற்கிறாள். நான்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் மேஸ்திரி

ஜூன் 21

மேஸ்திரிக்கு,

படிவத்தை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். வெல்டரை ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி. கல்லூரி, பிரிவு, எல்லாம் நீ எழுதியபடியே இருக்கிறது. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

கட்டத்துக்குள் மட்டும் கையெழுத்துப் போட்டேன். வாலைக்கூட அடக்கிக்கொண்டேன். படிவத்தில் வேறு ஒரு எழுத்தும் எழுதவில்லை.

எழுத வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. காலை 7.15.

அப்பா